பன்னிரண்டு மீனுக்கு ஒரு தொட்டி

மீன் விட்ட அன்று எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருந்தவர்கள் இவர்கள்.

நான்.

என் மனைவி. கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய தங்கை. பக்கத்து வீட்டில் இருக்கிறாள். கார்மெண்டில் வேலை. அன்று லீவு போட்டிருந்தாள்.

மடவளையில் மீன் வளர்த்து விற்கிறவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். மீனைத் தன் த்ரீவீலில் அவரே கொண்டு வந்தார்.

மீன் பன்னிரண்டு. எல்லாம் சிவப்பு.

வேறு யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற மாதிரி நாளும் இல்லை அது.

எங்கள் வீடு வத்தேகமவுக்குக் கிட்ட. சரிவான காணி. முப்பது வருசம் மேசன்மாருக்குக் கையாளாக வேலை செய்தேன். மணல் சலித்தேன், கல் சுமந்தேன், சாந்து குழைத்தேன். முழங்கால் விட்டுப் போன பிறகு டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறேன். ஆணி நிறுக்கிறேன், பைப் வெட்டிக் கொடுக்கிறேன்.

மனைவி கண்டியில் ஒரு வீட்டில் பத்தொன்பது வருசம் சமைத்தாள். அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. இடது கண் போன வருசம் போய்விட்டது. வலது கண்ணுக்கு லேசர் பிடித்தார்கள். அந்தக் கண்ணிலும் பின்பக்கம் இரத்தக் குழாய் பலவீனமாக இருக்கிறது, எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னார். ஒளிக்காமல் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். கிளினிக் கொப்பியை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவளை ஜன்னல் பக்கம் விட்டேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் முகத்தை வெளியே திருப்பினாள். ஆற்றைப் பார்த்தாளா, சும்மா திரும்பியிருந்தாளா, தெரியாது.

பிறகு சொன்னாள்: "ஏங்க, மீன் வாங்குவோமா?"

"இன்னைக்கா? சந்தை முடிஞ்சிருக்கும்."

"திங்கிற மீன் இல்ல. வளக்கிற மீனு."

அவள் சமைத்த வீட்டில் சுவரோடு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்ததாம். பத்தொன்பது வருசமும் காலையில் அவள்தான் தீனி போட்டிருக்கிறாள். போட்டுவிட்டு அடுப்புக்கு ஓடிவிடுவாள். "ஒரு நாளு கூட ஒக்காந்து பாத்ததில்ல. கண்ணு இருக்கிறப்பவே பாத்துக்கணும்" என்றாள். அழுது சொல்லவில்லை. சீனி முடிந்துவிட்டது, வாங்க வேண்டும் என்கிற மாதிரிதான் சொன்னாள்.

"கடையில டொபி போட்டு வப்பாங்கல்ல, பெரிய போத்தல். அதுல ரெண்டு விட்டாப் போதும். மூஞ்சிக்கிட்ட வச்சிப் பாத்துக்குவேன்."

"போத்தல்ல என்னத்துக்கு? தொட்டியே கட்டுவோம். ஊரானுக்கு எத்தன தொட்டி கட்டியிருக்கேன்."

"நீங்களா கட்டுனீங்க? நீங்க மண்ணு சொமந்தீங்க."

முன் சீட்டில் இருந்த பொம்பளை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்படித்தான் தொட்டி வந்தது. போத்தலை நான் அந்தப் பஸ்ஸிலேயே மறந்துவிட்டேன்.

கையில் பதினெட்டாயிரம் இருந்தது. கூரைத் தகரம் மாற்ற வைத்திருந்தது. இன்னொரு மழைக்காலம் ஒழுகினால் ஒழுகட்டும் என்று நினைத்தேன். சீமெந்துப் பையின் பின்பக்கத்தில் பென்சிலால் தொட்டி கீறினேன். ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், தண்ணீர் ஒன்றரை அடி. ஒவ்வொன்றையும் விசாரித்தேன். எழுத வாசிக்கத் தெரியும், ஆனால் வாசித்து வேலை தெரிந்துகொள்ள எனக்கு வராது. கேட்டுத் தெரிந்துகொள்வேன். கடை முதலாளியின் போனில் தொட்டி கட்டுகிற வீடியோவும் பார்த்தேன். அதில் வருகிறவர்களுக்கு மண் வெட்ட மெசின் இருந்தது.

முதலில் கறுப்புப் பொலித்தீன் விரிக்க நினைத்தேன். குழி வெட்டி, விரித்து, ஓரத்தில் கல் வைத்தால் முடிந்தது. மலிவு. ஆனால் எங்கள் பக்கம் எலி அதிகம். ஒரு ஓட்டை போட்டால் தண்ணீர் முழுக்கச் சரிவில் போய்விடும்.

கிணற்று வளையம் ஒன்றை நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். வளையத்தின் விலை பரவாயில்லை. எங்கள் ஒழுங்கைக்குள் லொறி வராது.

கலகெதரயில் பழைய வீடு ஒன்றை உடைக்கிறார்கள், குளிக்கிற தொட்டி சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனேன். தொட்டி நல்ல தொட்டிதான். அடியில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. காவலுக்கு நின்றவன், "மேல இருந்து பாத்தா தெரியாது" என்றான். தண்ணீருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. மழை பெய்கிற ஞாயிறும் உண்டு. முந்தின நாள் கிளினிக் போய்வந்து களைத்திருக்கிற ஞாயிறும் உண்டு. இப்படியே இரண்டு மாதம் போனது. அவள் அவசரப்படுத்தவில்லை. நான் கடையில் கேட்டு வந்ததை எல்லாம் மாலையில் அவளிடம் சொல்வேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்பாள்.

"இன்னைக்கு என்ன தொட்டி?" என்பாள்.

"இன்னைக்கு லொறி டயரு."

"நேத்து பாத்ரூம் தொட்டி, இன்னைக்கு டயரு. நாளைக்குச் சட்டியா?"

கடைசியில் சீமெந்துக் கல் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். உடைந்த கல்லும் அரைக் கல்லும் கடைப் பின்னால் கிடந்தன. முதலாளி பாதி விலைக்குத் தந்தார். நிலத்தில் குழி வெட்டாமல் மேலே எழுப்பினேன். அவளுடைய கதிரையை வைத்து, உட்காரச் சொல்லி, அவள் கை எட்டுகிற உயரத்தை அளந்தேன். குனியக் கூடாது, கண்ணுக்கு இரத்தம் இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

உள்தரைக்கு என்ன நிறம் என்பது பெரிய கேள்வி. அவளுக்கு அப்போது உருவம் சரியாகத் தெரியாது. நிறம் தெரியும். சிவப்பு நன்றாகத் தெரியும். எந்த நிறத்துக்கு மேலே சிவப்பு நன்றாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

கறுப்புப் பொலித்தீன் ஒரு துண்டு, நீல பேசின் ஒன்று, உடைந்த வெள்ளை டைல்ஸ் ஒன்று வைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புச் செத்தல் மிளகாய் போட்டேன். அவளைக் கூப்பிட்டுக் கதிரையில் உட்காரச் சொன்னேன்.

"எதுல மீன் இருக்கு?"

அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நேரே பார்த்தால் அவளுக்குத் தெரியாது. கோழி பார்க்கிற மாதிரி பக்கமாகப் பார்க்க வேண்டும்.

"இது நீலமா? இதுல ஒன்னும் இல்ல."

"இருக்கு."

"அப்ப அது செத்த மீன்." டைல்ஸ் பக்கம் திரும்பினாள். உடனே கை நீட்டினாள். மிளகாயின் நடுவில் விரல் வைத்தாள். "இங்க இருக்கு. நல்லாத் தெரியுது."

அவள் தங்கை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்: "மச்சான், மூனு மாசமா மீன் மீன்னு சொல்லிக் கடைசியில அக்காவுக்கு மிளகாயக் காட்டுறீங்க. அப்படியே ஒரு கொழம்ப வச்சிருங்க."

மனைவி சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. நான் மிளகாயை எடுத்துக் காய வைத்தேன்.

வெள்ளை என்று முடிவானது. உடைந்த வெள்ளை டைல்ஸ் ஒரு பெட்டி சேரும் வரை காத்திருந்தேன். காசு கொடுத்து நல்ல டைல்ஸ் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அதில் மூன்று வாரம் போனது.

மீன் விசாரிக்க மடவளைக்குப் போனேன். நானாவின் வீட்டுப் பின்னால் இருபது தொட்டி. ஜப்பான் கெண்டை ஒன்றின் விலையைச் சொன்னார். நான் சட்டைப் பையைத் தடவினேன். அவர் புரிந்துகொண்டார். இந்தப் பக்கம் வாங்க என்று சாதாரணத் தங்கமீன் காட்டினார். சிவப்பு. நடுவிரல் அளவு.

"தொட்டி எப்ப கட்டினீங்க?"

"போன ஞாயிறு பூச்சு முடிஞ்சது."

"அப்ப இன்னைக்கு மீன் தர மாட்டேன். அண்ணன், புதுச் சீமெந்துல நஞ்சு ஈக்குது. சுண்ணாம்பு கக்கும். மீன் ரெண்டு நாள்ல மிதந்துடும். பெறகு என்னைத்தான் ஏசுவீங்க."

அவர் சொன்ன வழி இது. வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். நான்கு நாள் ஊறவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, தேய்த்துக் கழுவி, திரும்பவும் தண்டு போட வேண்டும். மூன்று தரம். பிறகு வெறும் தண்ணீர். மொத்தம் இருபத்தொரு நாள். ஒரு சிறிய பையில் இரண்டு கப்பி மீன் போட்டுத் தந்தார். சாம்பல் நிறம், அரிசி அளவு. தண்டு வேலை முடிந்ததும் இதை விட்டுப் பாருங்க, இது பிழைத்தால் மற்றதும் பிழைக்கும் என்றார். காசு வாங்கவில்லை.

அந்தச் சிவப்பு மீனில் இரண்டை அன்றே பையில் போட்டுத் தாங்க என்று நான் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் அந்த இடத்தில் கை நிற்கிறது.

சீமெந்து வேலையில் நாளைக் குறைக்கக் கூடாது. கொங்கிரீட் போட்டால் இத்தனை நாள் நனைக்க வேண்டும் என்றால் இத்தனை நாள்தான். குறைத்தால் வெடிக்கும். முப்பது வருசம் அதைத்தான் பார்த்தேன். இருபத்தொரு நாள் என்றதும் எனக்கு அது சரியாகப் பட்டது. காலண்டரில் கோடு போட்டேன்.

வாழைத்தண்டு வெட்டினேன். முதல் தண்ணீர் கறுப்புச் சாயமாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் தெளிந்தது. மூன்றாவதும் முடித்தேன். பன்னிரண்டாம் நாள் கப்பி இரண்டையும் விட்டேன். மறுநாளும் நீந்தின. அதற்கு மறுநாளும் நீந்தின.

"உசுரோடதானே இருக்கு, மத்ததையும் விடுங்களேன் மச்சான்" என்றாள் தங்கை.

"இருபத்தொரு நாளு."

"அக்கா, நீயாவது சொல்லு."

"அவரு சீமெந்துக்காரரு. நாளு கணக்குல கை வைக்க மாட்டாரு" என்றாள் மனைவி. "இன்னும் ஒரு வாரந்தானே. இருக்கட்டும்."

அவளுக்குக் கப்பி தெரியவில்லை. ஆனாலும் தினமும் காலையில் கதிரையைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருவாள். வெள்ளைத் தரையைப் பார்ப்பாள். வெயில் விழுந்தால் தண்ணீர் ஆடுவது தெரிகிறது என்பாள்.

பதினேழாம் நாள் ஞாயிறு. காலையில் தண்ணீர் மாற்றி நிரப்பினேன். டைல்ஸில் இருந்த கீறல் எல்லாம் தெரிந்தது. அவ்வளவு தெளிவு. கைகழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, தண்ணி இன்னும் கறுப்பா இருக்கே. வாழச் சாயம் போகல போல."

நான் தொட்டியைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். அவள் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தலையைப் பக்கமாகத் திருப்பி.

"மாத்துனீங்களா இல்லியா?"

"இல்ல. இப்பத்தான் மாத்தப் போறேன்" என்றேன்.

கப்பி இரண்டையும் சிரட்டையில் பிடித்து வாளியில் விட்டேன். தொட்டியின் அடைப்பை இழுத்தேன். தெளிந்த தண்ணீர் முழுவதும் வாழைக்குப் போனது. திரும்ப நிரப்ப ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் போகாமல் இருந்தாள்.

நிரம்பியதும் கேட்டேன்: "இப்ப?"

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். வேலிப் பக்கம் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணியில இல்லீங்க" என்றாள்.

மறுநாள் விடியவே கண்டிக்குப் போனோம். கண்ணுக்குள் இரத்தம் கசிந்து நிறைந்துவிட்டது என்றார்கள். அதை எடுக்க ஒப்பரேசன் இருக்கிறது, பெயர் பதியலாம், எடுத்தாலும் பார்வை வரும் என்று நிச்சயமில்லை என்றார்கள். பெயர் பதிந்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளை ஜன்னல் பக்கம் விடவில்லை. இறங்கும்போது பிடித்து இறக்க வசதியாக ஓரத்தில் உட்கார வைத்தேன். வீட்டுக்கு வந்து, "தொட்டிய ஒடச்சிரவா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? நாளு முடியட்டும். மீன விடுங்க."

இருபத்திரண்டாம் நாள் நானா வந்தார். பையைத் தொட்டியில் அரை மணி மிதக்கவிட்டுத்தான் திறக்க வேண்டும், வீட்டுத் தண்ணீரின் சூடு மீனுக்குப் பழக வேண்டும் என்றார். அதற்கு முன்னால் அவள், "அந்தப் பைய ஒருக்காத் தாங்க" என்று கேட்டாள்.

நானா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விசயம் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. தங்கை பையை வாங்கி அவள் கையில் கொடுத்தாள். அவள் அதைத் தூக்கி வலது கண்ணில் ஒட்டி வைத்துக்கொண்டாள். உள்ளே பன்னிரண்டும் முட்டி மோதிச் சுற்றின. அவள் கன்னத்தில் சிவப்பு வெளிச்சம் ஓடியது.

"ஏதாச்சும் தெரியுதா அக்கா?"

"குளிருது" என்றாள்.

நானா அந்தப் பக்கம் திரும்பி த்ரீவீலில் எதையோ தேடினார். மீனை விட்டு முடித்ததும் அரை விலைதான் வாங்கினார். தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

அவர் போன பிறகு தங்கை என்னிடம் வந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். "அன்னைக்கே போத்தல்ல ரெண்டு போதும்னு சொன்னாளாமே மச்சான். ஒங்க கடைக்கு எதுத்தாப்லயே டொபிக் கட."

ஆமாம் என்றேன். போத்தலுக்கு நாள் கணக்கு இல்லை. ஒரே நாளில் முடிந்திருக்கும். ஐந்து மாதம் அவள் மூஞ்சிக்கிட்ட வைத்துப் பார்த்திருப்பாள்.

கதிரைப் பக்கம் இருந்து மனைவி சொன்னாள்: "என்னடி அவரப் போட்டு நோண்டுற. எனக்குக் காது கேக்குது."

இப்போது மாலையில் அவள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, விரலில் சோற்றுப் பருக்கை ஒட்டித் தண்ணீரில் வைப்பாள். மீன் வந்து விரலைக் கொத்தும். அவளுக்குக் கூச்சமாக இருக்கும், சிரிப்பாள். பிறகு கேட்பாள்: "எத்தன இருக்கு?"

நான் எண்ணிச் சொல்ல வேண்டும். இரண்டாவது வாரம் ஒன்று குறைந்தது. பிறகு இன்னொன்று. மீன்கொத்தி ஒன்று பலா மரத்தில் இருந்து வருகிறது. அவளுக்குத் தெரியட்டும் என்று நான் போட்ட வெள்ளைத் தரை அதற்கு நன்றாகத் தெரிகிறது. மேலே வலை போட்டேன். பகலில் நான் கடையில் இருக்கும்போது அவள் கை வைக்க வலையை விலக்குவாள். திரும்ப மூடும்போது ஒரு மூலை திறந்திருக்கும். சொன்னால் கை வைக்க மாட்டாள். அதனால் சொல்லவில்லை.

ஒரு நாள் ஏழு இருந்தது. எட்டு என்றேன். அவள் விரலைத் தண்ணீருக்குள் வைத்து, வந்து கொத்துகிறதை எண்ணினாள்.

"ஏழுதாங்க" என்றாள். "கண்ணு ஒங்களுக்கு நல்லாத்தானே இருக்கு. சரியாப் பாத்துச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு கூட்டிச் சொன்னதில்லை. அவளுக்காகப் பார்க்கிற கண் இது. அதில் பொய் வேண்டாம்.

இன்று மாலையும் கேட்டாள். வலையை ஒதுக்கிக் குனிந்தேன். வெயில் இருந்தது, தண்ணீர் தெளிவாக இருந்தது. இரண்டு தரம் எண்ணினேன்.

நான்கு.